ஃபோமட் செய்வதற்கு முன்: பழைய விண்டோஸ் கணினியில் எதைக் காப்பாற்ற வேண்டும்?

விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் முடிந்துவிட்டது. பதிவு செய்துகொள்ளும் வீட்டுப் பாவனையாளர்களுக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2026 ஒக்டோபர் நடுப்பகுதி வரை வரும், அவ்வளவுதான். இதையொட்டி எங்கும் பேச்சு புதுக் கணினி வாங்குவதைப் பற்றியே இருக்கிறது. திருகோணமலை நகருக்குள் ஒரு சுற்றுச் சுற்றி வந்தால் நிலைமை வேறு. அச்சகத்து மூலையில் பக்க வடிவமைப்பு மென்பொருளான பேஜ்மேக்கருக்காக ஓடும் விண்டோஸ் எக்ஸ்பி, டொட் மேட்ரிக்ஸ் பிரின்டரில் பற்றுச்சீட்டு அடிக்கும் விண்டோஸ் 7, ஸ்டூடியோவில் பழைய ஸ்கேனருக்காகவே உயிரோடு வைத்திருக்கும் இன்னொரு எக்ஸ்பி என்று ஒரு தலைமுறைக்கு முந்தியவையே இன்னும் உழைக்கின்றன. சோம்பலால் யாரும் இவற்றை வைத்திருக்கவில்லை. அந்த ஸ்கேனருக்கு அடுத்த விண்டோஸுக்கான டிரைவர், அதாவது அதை இயக்கும் மென்பொருள், வரவே இல்லை. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் எட்டாம் தலைமுறை இன்டெல் புரொசசரும் இந்தக் கணினிகளில் கிடையாது. 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு புதுக் கணினியின் விலையும் சின்னக் கடைக்காரருக்கு எட்டுவதாக இல்லை.

இப்படி ஒரு கணினி ஒரு நாள் காலையில் எழும்ப மறுத்தால், திருத்தக் கொண்டுபோன இடத்தில் முதலில் கேட்கிற கேள்வி எல்லோருக்கும் தெரியும்: “அண்ணா, ஃபோமட் பண்ணித் தரட்டா? சி மட்டும்தான் போகும், டியில இருக்கிறது ஒண்டும் அழியாது.” தம்பி சொல்வதில் பொய் இல்லை. டி டிரைவில் உள்ள கோப்புகள் அப்படியே இருக்கும். ஆனால் அந்தக் கணினியை உழைக்க வைத்த பலதும் சியில்தான் இருந்தன. அவற்றில் சில இன்று உலகத்தில் வேறு எங்கும் கிடைக்காதவை. அதனால் பழைய கணினியில் கைவைக்கும் முன் கோப்புகளைத் தேடிப் பொறுக்குவதை விட, முழு டிஸ்க்கையும் அப்படியே ஒரு பிம்பமாக, அதாவது அச்சொட்டான நகலாக, எடுத்துவிடுவதுதான் சரி என்பது என் உறுதியான நிலைப்பாடு. ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

சி டிரைவில் என்ன இருக்கிறது?

எக்ஸ்பியில் மை டொக்யூமென்ட்ஸ், டெஸ்க்டொப் இரண்டுமே சி டிரைவில், ‘டொக்யூமென்ட்ஸ் அண்ட் செட்டிங்ஸ்’ ஃபோல்டருக்குள் இருப்பவை. டெஸ்க்டொப்பில் போட்ட கோப்பு கண்ணுக்கு முன்னாலேயே கிடப்பதால் அது எந்த டிரைவுக்கும் சொந்தமில்லை என்று பலர் நினைக்கிறார்கள். ஃபோமட்டில் முதலில் போவது அதுதான். அவுட்லுக் எக்ஸ்பிரஸ் பாவித்தவர்களின் மின்னஞ்சல் முழுவதும் இன்னும் ஆழத்தில், மறைக்கப்பட்ட ‘லோக்கல் செட்டிங்ஸ்’ ஃபோல்டருக்குள், டிபிஎக்ஸ் என்று முடியும் கோப்புகளாகக் கிடக்கும். தெரியாதவர் தேடிக் கண்டுபிடிக்க மாட்டார்.

கடைகளுக்கென்று உள்ளூரில் எழுதிக் கொடுத்த பில் மென்பொருள்கள் இன்னொரு வகை. அவற்றில் பல தங்கள் தரவை ‘புரோகிராம் ஃபைல்ஸ்’ ஃபோல்டருக்குள்ளேயே எழுதும். அந்த நாளில் அது சாதாரணமான பழக்கம். எழுதிக் கொடுத்தவர் இப்போது கனடாவிலோ லண்டனிலோ இருப்பார், நிறுவும் சிடி யாரிடமும் இருக்காது. அப்படியானால் அந்த மென்பொருள் மிச்சமிருக்கும் ஒரே இடம் அந்த ஹார்ட் டிஸ்க்தான்.

இவை எல்லாவற்றையும் விட எங்களுக்குப் பெரிய விஷயம் எழுத்துரு.

இலங்கைத் தமிழ் அச்சகங்களின் கணினிகளில் இருபது, இருபத்தைந்து வருடமாகச் சேர்ந்திருப்பவற்றில் மிகப் பெரும்பகுதி பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவிலும் பாமினி ஒழுங்கைப் பின்பற்றிய வேறு எழுத்துருக்களிலும் தட்டியவை. கோயில் திருவிழா நோட்டீஸ், கும்பாபிஷேக மலர், பாடசாலை ஆண்டு மலர், முப்பத்தோராம் நாளுக்கு அடித்த கல்வெட்டு என்ற நினைவு நூல் எல்லாம் இதில் அடங்கும். உலகப் பொது எழுத்துக் குறியீட்டு முறையான யுனிகோட்டில் ‘க’ என்ற எழுத்துக்கு அதற்கென்றே ஓர் எண் உண்டு. எந்தக் கணினியில் திறந்தாலும் அது ‘க’தான். பாமினியில் அப்படி இல்லை. கோப்புக்குள் சேமிக்கப்படுவது வெறும் ஆங்கில எழுத்துகளும் குறிகளும். அந்த ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவத்தை வரைந்து காட்டுவது எழுத்துருக் கோப்பு. எழுத்துரு இல்லாவிட்டால் திரையில் நிற்பது அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துக் கூட்டம். கோப்பு பத்திரமாக டி டிரைவில் இருக்கும், ஆனால் வாசிக்க முடியாது.

பாமினியை இன்றும் இலேசாகத் தேடி எடுக்கலாம். ஆனால் ஓர் அச்சகத்தின் கணினியில் தலைப்புக்கு ஒன்று, உடலுக்கு ஒன்று, கலியாண அட்டைக்கு வளைவு வளைவாய் ஒன்று என்று பத்துப் பதினைந்து தமிழ் எழுத்துருக்கள் இருக்கும். சில, கை மாறிக் கை மாறி வந்தவை; பெயர் ஒன்றாக இருந்தாலும் ஒன்றிரண்டு எழுத்தின் இடம் வேறாக இருக்கும். ஆகவே சி டிரைவின் விண்டோஸ் ஃபோல்டருக்குள் உள்ள ‘ஃபொன்ட்ஸ்’ முழுவதையும் எடுத்து வைக்க வேண்டும். விண்டோஸ் 98 காலத்து அடோபி டைப் மேனேஜர் பாவித்த கணினி என்றால் ‘பிஎஸ்ஃபொன்ட்ஸ்’ என்று ஒரு ஃபோல்டர் தனியாக இருக்கும், அதையும் மறக்கக் கூடாது. அந்த டைப் 1 வகை எழுத்துருக்களுக்கான ஆதரவை அடோபி 2023 ஜனவரியில் நிறுத்திவிட்டது. புதிய அடோபி மென்பொருள்கள் அவற்றைக் கண்டுகொள்ளாது.

பேஜ்மேக்கரின் கதையும் இதோடு பின்னியது. கடைசிப் பதிப்பு 7.0, வெளிவந்தது 2001இல். அதற்கு யுனிகோட் தெரியாது, அதனால்தான் அச்சகங்கள் பாமினியை விடவில்லை. பேஜ்மேக்கர் கோப்பை அடோபியின் பிந்திய வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில் திறக்கலாம் என்று சொல்வார்கள். சிஎஸ்6 பதிப்பு வரைதான் அது நடந்தது, பிறகு வந்தவற்றில் அந்த வசதி இல்லை. இன்னொன்று: பேஜ்மேக்கர் பெரிய படங்களைப் பெரும்பாலும் கோப்புக்குள் வைக்காது, அவை இருக்கும் பாதையை மட்டும் குறித்துக்கொள்ளும். மீள நிறுவும்போது டி என்றிருந்த டிரைவ் ஈ என்று மாறினால் படங்களின் தொடுப்பு அறுந்துவிடும். டிரைவ் எழுத்துகளை முதலிலேயே ஒரு தாளில் எழுதி வைப்பது இதற்காகத்தான்.

பழைய பாமினி உரையை யுனிகோட்டுக்கு மாற்ற என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற இலவசக் கருவிகள் இருக்கின்றன. ஒரே பந்தியில் தமிழும் ஆங்கிலமும் கலந்திருந்தால் ஆங்கிலச் சொற்களும் தமிழாக மாறிக் குழம்பிப் போகும் என்பதைக் கவனித்துத் திருத்த வேண்டும். அச்சு வடிவம் மாறாமல் இருக்க வேண்டியவற்றை எழுத்துருவை உள்ளடக்கிய பிடிஎஃப் ஆகவும் சேமித்துவிடுவது நல்லது. இதைச் செய்யவும் அந்தப் பழைய கணினி ஒழுங்காக ஓட வேண்டும்.

பிழை விண்டோஸில்தானா?

மீள நிறுவுவது என்று முடிவெடுக்கும் முன் வன்பொருளைப் பார்க்க வேண்டும். டச் பே கடற்கரைக்கும் உள்துறைமுகத்துக்கும் நடுவே கிடக்கும் நகரம் இது, உப்புக்காற்று படாத வீடில்லை. ரேமின் பித்தளை நிறத் தொடுமுனைகளில் படலம் படிந்தாலே கணினி எழும்பாது, அல்லது நடுவில் நின்றுவிடும். கழற்றி, பென்சில் அழிறப்பரால் மெதுவாகத் துடைத்து மாட்டினால் பல நேரம் சரிவந்துவிடும். 2000களின் முதற்பாதியில் வந்த மதர்போர்டுகளில் தரமற்ற கெப்பாசிட்டர்கள் நிறையப் பாவிக்கப்பட்டன. அவற்றின் தலை உப்பியிருக்கிறதா என்று கண்ணாலேயே பார்க்கலாம்.

நான் அதிகம் வலியுறுத்த விரும்புவது சிமோஸ் பற்றரியை. மதர்போர்டில் ஒரு ரூபாய்க் குற்றி போல இருக்கும் சிஆர்2032 அது. அது தீர்ந்தால் திகதி பின்னுக்குப் போகும் என்பது எல்லோருக்கும் தெரியும். தெரியாதது, பயோஸ் (கணினி எழும்பும்போது முதலில் ஓடும் அடிப்படை மென்பொருள்) அமைப்புகளும் தொழிற்சாலை நிலைக்குத் திரும்பிவிடும் என்பது. எக்ஸ்பி பெரும்பாலும் சாட்டா இணைப்பு டிஸ்க்கை, டிஸ்க்கோடு பேசும் பழைய ஐடிஈ முறையில் வைத்தே நிறுவப்பட்டது, ஏனென்றால் புதிய ஏஎச்சிஐ முறைக்கான டிரைவர் எக்ஸ்பியின் சிடியில் இல்லை. பற்றரி தீர்ந்து, பயோஸ் தானாக ஏஎச்சிஐக்கு மாறினால், மறுநாள் காலையில் 7பி என்று முடியும் பிழை எண்ணோடு நீலத் திரை வரும். பார்ப்பவர் விண்டோஸ் பழுதாகிவிட்டது என்பார், ஃபோமட் செய்வார், எல்லாம் போகும். உண்மையில் செய்ய வேண்டியிருந்தது பற்றரியை மாற்றிப் பயோஸில் ஒரு வரியைத் திருத்துவது மட்டும்.

டிஸ்க்கில் டிக் டிக் என்று சத்தம் வந்தால், அல்லது ஒரு ஃபோல்டரைத் திறக்க நிமிடக் கணக்கில் ஆனால், கணினியை உடனே நிறுத்த வேண்டும். அந்த நிலையில் விண்டோஸின் டிஸ்க் சோதனைக் கருவியான செக்டிஸ்க்கை ஓட்டுவதோ அதே டிஸ்க்கில் விண்டோஸை மீள நிறுவுவதோ இருப்பதையும் கெடுக்கும். லினக்ஸில் ஓடும் ஜிஎன்யு டிடிரெஸ்கியூ என்ற கருவி இப்படிப் பழுதாகும் டிஸ்க்கிலிருந்து தரவை எடுக்கவென்றே உருவானது. வாசிக்க முடிந்த பகுதிகளை முதலில் எடுத்துக்கொண்டு, பிடிவாதமான பகுதிகளுக்குப் பிறகு திரும்பி வரும். எதுவரை முடித்தது என்று ஒரு வரைபடக் கோப்பில் எழுதிக்கொண்டே போவதால் நடுவில் கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

பிம்பம் எடுத்தல்

டிஸ்க் நலமாக இருந்தால் பிம்பம் எடுக்கும் மென்பொருளான குளோன்சில்லா போதும். இலவசம், சிடியிலிருந்தோ பென் டிரைவிலிருந்தோ ஓடும், விண்டோஸ் எழும்பாவிட்டாலும் வேலை செய்யும். பழைய 32 பிட் புரொசசர் என்றால் அதற்கான பதிப்பைப் பார்த்து இறக்க வேண்டும். வெற்றிடத்தை விட்டுவிட்டுத் தரவு உள்ள பகுதியை மட்டும் எடுத்துச் சுருக்கி எழுதுவதால் 80 ஜிபி டிஸ்க்கில் 30 ஜிபி நிரம்பியிருந்தால் பிம்பம் அதை விடச் சிறிதாகவே வரும். ஒரு நிபந்தனை உண்டு. மீட்டெடுக்கும் டிஸ்க் பழையதின் அளவாகவோ அதை விடப் பெரியதாகவோ இருக்க வேண்டும்.

வேகத்தில் ஒரு பொறி இருக்கிறது. 2002க்கு முந்திய பல கணினிகளில் யூஎஸ்பி 1.1தான். நொடிக்கு ஏறத்தாழ 1 எம்பி என்ற வேகத்தில் 40 ஜிபியை வெளி டிஸ்க்குக்கு எடுக்கப் பதினொரு மணித்தியாலம் ஆகும். அதே டிஸ்க்கைக் கழற்றி, ஐடிஈயை யூஎஸ்பியாக்கும் கேபிள் ஒன்றால் புதிய கணினியில் மாட்டினால் அரை மணித்தியாலத்துக்குள் முடிந்துவிடும். கழற்றத் தயங்கத் தேவையில்லை, நாலு திருகாணிதான். மடிக்கணினி டிஸ்க்குகளின் ஐடிஈ முனை 44 ஊசி, மேசைக் கணினியுடையது 40 ஊசி; கேபிள் வாங்கும்போது இதைச் சொல்லிக் கேட்க வேண்டும். 2022 மார்ச் கடைசியில் பதின்மூன்று மணித்தியால மின்வெட்டைப் பார்த்தவர்களுக்கு யூபிஎஸ் பற்றி நான் சொல்லத் தேவையில்லை.

பிம்பத்தை வைக்கும் வெளி டிஸ்க், கோப்புகளை ஒழுங்குபடுத்தும் பழைய ஃபேட்32 முறையில் இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட தனிக் கோப்பை அது ஏற்காது. இடம் இருக்கிறது, ஆனால் பிரதி ஆகவில்லை என்று குழம்புவதற்கு இதுவே வழமையான காரணம். என்டிஎஃப்எஸ் முறையில் வைத்திருந்தால் இந்தச் சிக்கல் இல்லை.

எக்ஸ்பியோடேயே வந்த என்டிபேக்கப் கருவியையும் சிலர் பாவித்திருப்பார்கள். பிகேஎஃப் என்று முடியும் பழைய கோப்புகள் உங்களிடம் இருந்தால், விண்டோஸ் 7 அவற்றைத் தானாகத் திறக்காது என்பதை நினைவில் வையுங்கள். எக்ஸ்பி ஓடும் கணினி ஒன்று கையில் இருக்கும்போதே அவற்றைப் பிரித்து எடுத்துவிடுங்கள்.

எடுத்த பிம்பம் வேலை செய்யுமா என்பதற்கு ஒரே நம்பகமான சோதனை, அதை வேறு ஒரு டிஸ்க்கில் இறக்கி, அந்த டிஸ்க்கைப் பழைய கணினியில் மாட்டி எழுப்பிப் பார்ப்பது. குளோன்சில்லா தானே பிம்பத்தைச் சரிபார்த்துச் சொல்லும். அது நல்லதுதான், ஆனால் போதாது. இரண்டாம் கையாக ஒரு டிஸ்க் வாங்கி இதைச் செய்தால், புதிய நிறுவலையும் அந்த டிஸ்க்கிலேயே செய்துவிட்டுப் பழைய டிஸ்க்கைத் தொடாமல் உறையில் போட்டு வைக்கலாம். ஃபோமட் என்ற பேச்சே எழாது. ஒருவருக்கு ஒரு புத்திமதி மட்டும் சொல்ல முடியும் என்றால் நான் இதைத்தான் சொல்வேன்.

மீள நிறுவும்போது

எக்ஸ்பியை அப்படியே பழுதுபார்க்கும் வழி ஒன்று இருக்கிறது, பலர் அதைத் தவறவிடுகிறார்கள். சிடியிலிருந்து எழுப்பியதும் முதல் திரையில் வரும் ‘ஆர்’ மீட்புக் கட்டளைத் திரைக்குப் போகும். அதை விட்டு, என்டர் தட்டி, எஃப்8ஆல் உடன்பாட்டை ஏற்ற பிறகு, ஏற்கெனவே உள்ள எக்ஸ்பியைக் கண்டுபிடித்துக் காட்டும். அங்கே தட்டும் ‘ஆர்’ விண்டோஸின் கோப்புகளை மட்டும் புதிதாக்கி, நிறுவிய மென்பொருள்களையும் எழுத்துருக்களையும் விட்டுவைக்கும்.

முழுதாக நிறுவுவதானால் சிடியும் சாவியும் பொருந்த வேண்டும். கணினியோடு வந்த ஓஈஎம் சாவி, கடையில் தனியாக விற்ற எக்ஸ்பி சிடியில் செல்லாது. பெட்டியில் ஒட்டிய 25 எழுத்துச் சாவி வெளிறிப் போவதற்கு முன் படம் எடுத்து வைக்க வேண்டும். ‘லைட்’, ‘அல்டிமேட்’ என்று யாரோ வெட்டி ஒட்டிய எக்ஸ்பி சிடிகள் இன்னும் கைக்குக் கை போகின்றன. அவற்றுக்குள் என்ன சேர்த்திருக்கிறார்கள் என்று கொடுப்பவருக்கே தெரியாது, கடைக் கணக்கு ஓடும் கணினியில் அவற்றைப் போடக் கூடாது. மூன்றாம் சேர்விஸ் பேக் (மைக்ரோசொஃப்ட் வெளியிட்ட திருத்தங்களின் தொகுப்பு) உள்ள சிடி கிடைத்தால் நல்லது. 2001இல் வந்த முதல் எக்ஸ்பி 137 ஜிபிக்கு மேற்பட்ட டிஸ்க்கை முழுதாகக் காணாது.

நிறுவியதும் முதலில் வேண்டியது நெட்வேர்க் கார்டின் டிரைவர், அது இல்லாமல் மற்ற டிரைவர்களை இறக்க முடியாது. ஆகவே பழைய விண்டோஸ் எழும்பும் நிலையில் இருக்கும்போதே டபுள் டிரைவர் போன்ற கருவியால் எல்லா டிரைவர்களையும் எடுத்து வையுங்கள்.

அப்புறம் தமிழ். புதிதாக நிறுவிய எக்ஸ்பியில் யுனிகோட் தமிழ் பெட்டி பெட்டியாகத் தெரியும். கன்ட்ரோல் பனலில் மொழி அமைப்புக்குப் போய், சிக்கலான எழுத்துமுறைகளுக்கான கோப்புகளை நிறுவும் கட்டத்தைத் தெரிவு செய்தால் அது சிடியைக் கேட்கும். சிடியில் உள்ள ஐ386 ஃபோல்டரிலிருந்து லதா எழுத்துருவும் மற்றவையும் வரும். அந்த ஃபோல்டரை டிஸ்க்கிலேயே ஒரு பிரதி போட்டுவைத்தால் சிடி பழுதானாலும் கவலையில்லை. விஸ்டாவிலிருந்து இந்த வேலை தேவைப்படவில்லை. விண்டோஸ் 10இல் லதா மீண்டும் தனியாகச் சேர்க்க வேண்டிய ஒன்றானது. பழைய வேர்ட் கோப்பு அங்கே வேறு எழுத்துருவில் தெரிந்து பக்கங்கள் நகர்ந்து நின்றால் காரணம் இதுதான்.

விண்டோஸ் 7இல் இரண்டு இடத்தில் மாட்டிக்கொள்வார்கள். 2015இன் ஸ்கைலேக் தலைமுறைக்குப் பிந்திய பலகைகளில் நிறுவும்போது கீபோர்டும் மௌஸும் இயங்காது, காரணம் விண்டோஸ் 7 டிவிடியில் யூஎஸ்பி 3.0 டிரைவர் இல்லை. பழைய வட்டமுனைக் கீபோர்ட் இருந்தால் அதை மாட்டிச் சமாளிக்கலாம். மற்றது, முதலாம் சேர்விஸ் பேக் மட்டும் உள்ள புதிய நிறுவல் எந்தப் புதுப்பிப்பையும் எடுக்காது. 2019 மார்ச்சில் வந்த, புதுப்பிப்புகளின் கையொப்பத்தைச் சரிபார்க்கும் எஸ்எச்ஏ-2 திருத்தத்தைக் கையால் நிறுவிய பிறகே மற்றவை இறங்கும்.

இணையத்தோடு இணைக்கலாமா?

எக்ஸ்பியை இணைக்க வேண்டாம். அதன் ஆதரவு 2014 ஏப்ரல் 8இல் முடிந்தது, விண்டோஸ் 7உடையது 2020 ஜனவரி 14இல். எக்ஸ்பியின் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 8க்கு டிஎல்எஸ் 1.2 என்ற பாதுகாப்பான இணைப்பு முறை தெரியாததால் இன்றைய தளங்கள் பெரும்பாலும் திறக்கவும் மாட்டா. 2017 மே மாதத்தில் வானாக்ரை என்ற கணினிப் புழு பரவியபோது மைக்ரோசொஃப்ட் வழமைக்கு மாறாக எக்ஸ்பிக்கும் ஒரு திருத்தம் வெளியிட்டது. அதைக் கட்டாயம் நிறுவ வேண்டும், ஏனென்றால் அந்தப் புழு பரவியது மின்னஞ்சலைத் திறந்ததால் அல்ல. ஒரே நெட்வேர்க்கில் இருந்ததே அதற்குப் போதும். பேஜ்மேக்கர் ஓடும் கணினிக்கு நெட்வேர்க் கேபிள் தேவையில்லை. கோப்புகளை ஒரு பென் டிரைவில் கொண்டுபோகலாம். அதற்கும் முன் எக்ஸ்பியில், பென் டிரைவை மாட்டியதும் அதிலுள்ளதைத் தானாக ஓட்டும் ஒட்டோரன் வசதியை நிறுத்திவிட வேண்டும். 2008 கடைசியில் கிளம்பிய கொன்ஃபிக்கர் புழு பென் டிரைவ்களில் தொற்றியது அந்த வசதியைப் பிடித்துத்தான்.

கணினியே மடியும் நிலையில் இருந்தால், எடுத்த பிம்பத்தை வேர்ச்சுவல்பொக்ஸ் போன்ற மெய்நிகர் கணினிக்குள் இறக்கிப் புதிய கணினியிலேயே ஓட்டலாம். டிஸ்க்கை ஐடிஈ என்று அமைக்காவிட்டால் இங்கேயும் அதே 7பி பிழை வரும். வன்பொருள் மாறியதாக நினைத்து எக்ஸ்பி மீண்டும் செயலாக்கம் கேட்கும், ஓஈஎம் உரிமம் பழைய கணினியோடு கட்டுப்பட்டது என்பதும் உண்டு. பேஜ்மேக்கருக்கும் பில் மென்பொருளுக்கும் இது நன்றாகவே உதவும். பழைய பிரின்டர் முனையான பரலல் போர்ட்டில் தொங்கும் பிரின்டருக்கும் ஸ்கேனருக்கும் அந்த அளவு நம்ப முடியாது. அவற்றுக்காகப் பழைய பெட்டியையே வைத்திருக்க வேண்டிவரும்.

எல்லாம் நிறுவி, டிரைவர், எழுத்துரு, பிரின்டர் சரிபார்த்து முடிந்ததும், வேலைக் கோப்புகளைத் திரும்பப் போடுவதற்கு முன்பே இன்னொரு பிம்பம் எடுத்துவிடுங்கள். அடுத்த முறை பழுது வந்தால் இந்தச் சுத்தமான பிம்பத்தை இறக்க அரை மணித்தியாலம் போதும்.

பிரதிகள் எங்கே இருக்கின்றன என்பதும் இந்த ஊரில் ஒரு தொழில்நுட்பக் கேள்விதான். 2004 டிசம்பர் 26இல் இந்தக் கரை முழுவதும் கடல் ஏறியது. 2020 டிசம்பர் 2இல் புரெவி புயல் எங்களுக்குச் சற்று வடக்கே, திரியாய், குச்சவெளிப் பக்கம் கரை கடந்தது. கணினி மேசையில், வெளி டிஸ்க் அதே மேசையின் லாச்சியில் என்றால் வெள்ளம் இரண்டையும் சேர்த்தே கொண்டுபோகும். ஒரு பிரதி கடையில், ஒன்று வீட்டில், ஒன்று கடலிலிருந்து தள்ளி, வவுனியாவிலோ கண்டியிலோ இருக்கும் உறவினர் வீட்டில் என்று பிரித்து வையுங்கள். சிடியில் எழுதிய பழைய பிரதிகளை நம்பிக்கொண்டிருக்காமல் இந்த மாதமே டிஸ்க்குக்கு மாற்றுங்கள். எங்கள் வெக்கையிலும் ஈரத்திலும் எழுதும் சிடிகளின் சாயப் படலம் சீக்கிரம் கெடும். ஒவ்வொரு டிஸ்க்கின் உறையிலும் பிம்பம் எடுத்த திகதி, எந்தக் கணினி, எந்தச் சாவி, பயோஸில் ஐடிஈயா ஏஎச்சிஐயா என்பதை அழியாத மையால் எழுதி ஒட்டுங்கள். வெளி டிஸ்க்கை வருடத்துக்கு இரண்டு முறையாவது மாட்டித் திறந்து பாருங்கள், அதில் ஒரு முறை வாடைக்காற்று மழை தொடங்குவதற்கு முன், ஒக்டோபரில் இருக்கட்டும்.